தாராவியில் பிறந்தவருக்குத் தாராவியில் டிக்கெட் கிடைக்குமா? மும்பைத் தமிழர், சாதி, கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், செம்பூர் பக்கம் கட்சி வேலை செய்யும் தமிழர்கள் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் இவை. கொடி கட்டுவது, பூத்தில் உட்காருவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் நம்மவர்கள். மேடையில் நாற்காலி போடும்போது மட்டும் நம்மவர்களைக் காணோம். ஏன் என்பதற்குச் சட்டத்தில் பாதிக் காரணமும் கட்சிக்குள் மீதியும் இருக்கின்றன. எந்தக் கட்சிக்கும் இங்கே சலுகை கிடையாது.

தாராவி தனித்தொகுதி. இத்தனை ஆதிதிராவிடர் குடும்பங்கள் இருந்தும் ஒரு தமிழர்கூட ஏன் எம்.எல்.ஏ. ஆகவில்லை?

முதலில் பட்டியலைப் பார்த்துவிடுவோம். 1978இல் மார்க்சிஸ்ட் கட்சியின் சத்யேந்திர மோரே, 1980இல் காங்கிரஸின் பிரேமானந்த் ஆவ்ளே, அப்புறம் ஏக்நாத் கெய்க்வாட், 1995இல் சிவசேனாவின் பாபுராவ் மானே, மறுபடி ஏக்நாத் கெய்க்வாட். 2004 முதல் 20 ஆண்டுகள் அவருடைய மகள் வர்ஷா கெய்க்வாட். 2024இல் வர்ஷா மக்களவைக்குப் போனதும் அவருடைய தங்கை ஜோதி கெய்க்வாட். தமிழ்ப் பெயர் ஒன்றும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்த காலத்திலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே "நேற்று வந்தவர்கள்" என்ற பேச்சு எடுபடாது. உண்மையான காரணம் இரண்டு. தனித்தொகுதியில் நிற்க மகாராஷ்டிரத்துப் பட்டியல் சாதிச் சான்று வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் அது இல்லை. சான்று இருக்கிற சிலரையும் கட்சிகள் வேட்பாளராக நினைத்துப் பார்ப்பதில்லை. வாக்குச் சேகரிக்கும் ஆளாகத்தான் பார்க்கின்றன.

தமிழ்நாட்டில் எஸ்.சி. என்றால் மகாராஷ்டிரத்திலும் எஸ்.சி. தானே?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பட்டியல் சாதி என்பது அரசியலமைப்பின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுவது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையே இதற்கு அடிப்படை. அந்தத் தேதியில் உங்கள் குடும்பம் நிரந்தரமாக எந்த மாநிலத்தில் இருந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியல்தான் உங்களுக்கு.

இதைத் தீர்த்து வைத்த வழக்கே நம்ம ஊரில் நடந்ததுதான். ஆந்திரத்திலிருந்து வேலைக்காக மும்பை வந்த ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பையன், பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீட்டில் இடம் கேட்டார். 1990இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மறுத்துவிட்டது. 1994இல் மகாராஷ்டிரத்தில் குடியேறியவர்கள் தொடுத்த இன்னொரு வழக்கிலும் அதே முடிவு. பட்டியல் சாதிக்கும் அதே விதி என்று உறுதியானது. ஓரிடத்தில் ஒரு சாதி அனுபவித்த ஒடுக்குமுறை இன்னோரிடத்திலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம்.

தாராவியில் ஐந்து நிமிடம் நடந்தால் இந்த வாதம் ஆட்டம் காணும். நெல்லையில் இருந்த தெருப் பிரிவினை ரயிலேறி இங்கேயும் வந்துவிட்டது. கோயில் கொடையிலும் கல்யாணப் பேச்சிலும் அது தெரியும். சாதி பயணம் செய்கிறது, சான்று மட்டும் ஊரிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் இன்று சட்டம் இதுதான்.

அப்படியானால் மக்களவைத் தேர்தலிலும் நிற்க முடியாதா?

முடியும்! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 4ஆம் பிரிவு, மக்களவைத் தனித்தொகுதியில் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினரும் நிற்கலாம் என்கிறது. 5ஆம் பிரிவு, சட்டமன்றத் தனித்தொகுதிக்கு அதே மாநிலத்துப் பட்டியல் சாதியாக இருக்க வேண்டும் என்கிறது.

விளைவைப் பாருங்கள். தாராவியின் 90 அடி சாலையில் பிறந்து, அங்கேயே ஓட்டுப் போடும் ஒரு தமிழ்ப் பட்டியல் சாதிப் பெண், 1950க்கு முந்தைய தாள் இல்லையென்றால் தாராவி சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. ஆனால் ஷிர்டியிலோ சோலாப்பூரிலோ மக்களவைக்கு நிற்கலாம். மகாராஷ்டிரத்தில் மக்களவைத் தனித்தொகுதிகள் ஐந்து: அமராவதி, ராம்டெக், லாத்தூர், சோலாப்பூர், ஷிர்டி. மும்பைக்குள் ஒன்றுகூட இல்லை.

அப்பா தமிழ்நாட்டில் எடுத்த சான்று எதற்குமே ஆகாதா?

ஆகும். அப்பாவின் சான்றை வைத்து, "வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர்" என்ற குறிப்போடு இங்கேயே சான்று வாங்கலாம். மத்திய அரசு வேலை, மத்தியக் கல்வி நிறுவனங்கள் இவற்றுக்கு அது செல்லும். மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கும், மாநகராட்சி, சட்டமன்றத் தனி இடங்களுக்கும் செல்லாது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் நிலை?

இன்னும் கடினம். 1950 ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியேதான். 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது இதை ஆராயத்தான். கட்சிகளில் கிறிஸ்தவத் தலித்துகளைச் "சிறுபான்மைப் பிரிவில்" போடுவார்கள். அங்கே சாதியைப் பேசினால் "இது அதற்கான இடமில்லை" என்பார்கள். எஸ்.சி. பிரிவுக்குப் போனால் சான்று கேட்பார்கள்.

மாநகராட்சித் தேர்தலில் வாய்ப்பு எப்படி?

மும்பை மாநகராட்சிக்கு 227 வார்டுகள். பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 2, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 61 என்று ஒதுக்கீடு. எந்த வார்டு யாருக்கு என்பது குலுக்கலிலும் சுழற்சியிலும் முடிவாகும். 2017க்குப் பிறகு 2022இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போனது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து 2026 ஜனவரியில் தேர்தல் நடக்கும்வரை அரசு நியமித்த நிர்வாகியின் ஆட்சிதான். அத்தனை ஆண்டும் வார்டு மட்டத்தில் ஒரு தலைமுறைக் காரியகர்த்தாக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி எதுவும் பார்க்காமலே வயதானார்கள். பணம் உள்ளவர் காத்திருந்துவிடுவார். தினக்கூலிக்குப் போகிறவர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?

ஒதுக்கப்பட்ட வார்டில் நிற்கச் சாதிச் சான்று மட்டும் போதாது. மாவட்டச் சரிபார்ப்புக் குழுவின் சான்றும் வேண்டும். நம்ம ஆட்கள் பேச்சில் "காஸ்ட் வேலிடிட்டி" என்பது அதைத்தான். விண்ணப்பித்த ரசீதைக் காட்டி நிற்கலாம் என்று காலக்கெடு கொடுக்கப்படுவதுண்டு. ஆனால் வென்ற பிறகு கெடுவுக்குள் அது வராவிட்டால் பதவி போய்விடும். அப்படிப் பதவியிழந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு.

இன்னொன்று: 2001 செப்டம்பருக்குப் பிறகு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தால் மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆக இந்தத் தடை இல்லை. ஏழை வீட்டுக்கு ஒரு விதி, பெரிய பதவிக்கு வேறு விதி என்றுதான் எனக்குப் படுகிறது.

தனித்தொகுதி இருக்கிறதே, கட்சிக்குள்ளும் தனியாக இடம் எதற்கு?

இதைக் கேட்பவர்களுக்கு நான் 1932லிருந்து பதில் சொல்வேன். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரோடு போனவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள்; ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். 1932 செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தாகி, தனி வாக்காளர் முறை போய், மாகாண சபைகளில் 148 தனி இடங்களும் பொது வாக்காளர் முறையும் வந்தன.

அந்த ஒப்பந்தத்தில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. பொதுத் தேர்தலுக்கு முன்னால், தொகுதியிலுள்ள ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது வேட்பாளர் யார் என்பதில் முதல் சொல் நம்முடையது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் தனித்தொகுதி தங்கியது, அந்த முதல் சுற்று தங்கவில்லை. அது செய்த வேலையை இன்று கட்சியின் தேர்வுக் குழு கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறது.

பலன் என்ன என்பதை மும்பை 1952இலேயே பார்த்தது. முதல் மக்களவைத் தேர்தலில் மும்பை நகர வடக்குத் தொகுதியின் தனி இடத்தில் அம்பேத்கரே தோற்றார், சுமார் 15,000 வாக்கு வித்தியாசத்தில். வென்றவர் காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர், அவரும் தலித்துதான். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அம்பேத்கருக்குத் தோல்வி. நாடறிந்த ஒரு தலித் தலைவரைவிடப் பெரிய கட்சி நிறுத்தும் தலித் வேட்பாளருக்கே தனித்தொகுதி எளிது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆகவே "தனித்தொகுதி இருக்கிறதே" என்பது அரைப் பதில். அந்தத் தொகுதிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் மீதிப் பதில். அந்த அறையில் இடம் கிடைக்காதவரை மற்றதெல்லாம் இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வேலைதான்.

கட்சிக்குள் இடம் தர வேண்டும் என்று சட்டம் உண்டா?

கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கட்சியைப் பதிவு செய்யும் 29ஏ பிரிவு, அரசியலமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகத்துக்கும் விசுவாசமாக இருப்போம் என்று எழுதித் தரச் சொல்கிறது. தேர்வுக் குழுவில் இத்தனை தலித்துகள், இத்தனை பெண்கள் என்று எதுவும் கேட்பதில்லை.

கட்சிகள் தாமாக விதி எழுதிக்கொண்டால்தான் உண்டு. காங்கிரஸ் 2023 ராய்ப்பூர் மாநாட்டில் செயற்குழு உள்ளிட்ட பொறுப்புகளில் பாதியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், இளைஞர்களுக்கு என்று தன் விதியில் சேர்த்தது. பாஜக விதியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்புகள். எழுதியது வார்டு வரை இறங்கியதா என்பது தனிக் கதை.

தலித்துகளுக்குத் தலைமைப் பதவிகளும் வந்திருக்கின்றன. காங்கிரஸுக்கு 1962இல் தாமோதரம் சஞ்சீவய்யா, பின்னர் ஜெகஜீவன் ராம், 2022இல் மல்லிகார்ஜுன கார்கே. பாஜகவுக்கு 2000இல் பங்காரு லட்சுமண். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2019இல் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த து. ராஜா. மார்க்சிஸ்ட் கட்சி 1964இல் பிறந்தது. அதன் அரசியல் தலைமைக் குழுவுக்குள் முதல் தலித்தாக ராமச்சந்திர டோம் நுழைந்தது 2022இல். வர்க்கம் பேசிய கட்சிக்கு 58 வருடம்! உச்சியில் ஒருவர் உட்கார்வது நல்லதுதான். ஆனால் தாராவி டிக்கெட்டுக்கு யாருடைய பெயரை மேலே அனுப்புவது என்பதை முடிவு செய்வது மும்பைப் பிரிவும் மாவட்டப் பொறுப்பாளர்களும்தான்; நம் கண் அங்கே இருக்கட்டும்.

"தென்னிந்தியர் பிரிவுத் தலைவர்" பதவி தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் நான்கு விஷயம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தப் பதவிக்கு மாவட்டச் செயற்குழுவில் ஓட்டு உண்டா? வேட்பாளர் பெயரைப் பரிந்துரைக்கும் கூட்டத்துக்கு அழைப்பு வருமா? பூத் முகவர் பட்டியலை நீங்கள் போடலாமா, அவர்கள் போட்டதை நீங்கள் சுமக்க வேண்டுமா? செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நான்குக்கும் மழுப்பல் பதில் வந்தால், உங்களுக்குக் கிடைப்பது விசிட்டிங் கார்டு. பொங்கல் விழா நடத்துவீர்கள், பெரியவர் வந்து வேட்டியோடு படம் எடுத்துக்கொள்வார், தமிழில் "வணக்கம்" சொல்வார், அடுத்த பொங்கலுக்குத்தான் பார்க்க முடியும். இந்தப் பிரிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. "தமிழர்" என்று பொதுவாகச் சொல்லி ஒருவரைப் போடும்போது, பெரும்பாலும் கடை, ஒப்பந்தம், சங்கம் வைத்திருக்கும் வசதியான ஒருவர்தான் அமர்கிறார். துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பையனைப் போட்டு நான் பார்த்ததில்லை. மொழியால் ஒதுக்கப்பட்டதைப் பேசும் அதே கூட்டம் சாதியால் ஒதுக்குவதைப் பேசாது. எஸ்.சி. பிரிவிலோ கூட்டம் முழுக்க மராத்தியில். நம் ஆள் பின்வரிசையில். இரண்டுக்கும் நடுவில் தமிழ்த் தலித் விழுந்துவிடுகிறார்.

சயான் கோலிவாடாவில் தமிழர் ஜெயித்தாரே?

ஆமாம். கேப்டன் தமிழ்ச்செல்வன் பாஜக சார்பில் 2014, 2019, 2024 என்று மூன்று முறை வென்றார். அது பொதுத்தொகுதி என்பதைக் கவனியுங்கள். சாதிச் சான்றுக் கேள்வியே எழவில்லை. 1966இல் சிவசேனா தென்னிந்தியரை எதிர்த்துக் கிளம்பிய நகரத்தில், இன்று எல்லாக் கட்சியும் தமிழ் ஓட்டுக்கு வரிசையில் நிற்கிறது. மொழித் தடை பெரிய அளவில் உடைந்துவிட்டது என்றே சொல்வேன். சாதித் தடைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. பொதுத்தொகுதியில் தலித் நிற்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பெரிய கட்சிகள் அப்படி நிறுத்தத் துணிவது அபூர்வம், அவ்வளவுதான்.

பெண்களுக்குப் பாதி இடம் வந்துவிட்டதே, போதாதா?

மகாராஷ்டிர உள்ளாட்சிகளில் 2011 முதல் பெண்களுக்கு 50 சதவீதம். மும்பையில் 227இல் 114. இதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர், கழிவறைப் பிரச்சினைகளை மாநகராட்சியில் விடாமல் எழுப்பியவர்களில் பெண்கள் நிறைய. ஆனால் வார்டு பெண்களுக்கு என்று குலுக்கலில் விழுந்ததும் தலைவர்கள் முதலில் தேடுவது மனைவி, மருமகள், தங்கையின் பெயரை. மகளிர் சுயஉதவிக் குழு நடத்தி, ரேஷன் கடை வரிசையில் சண்டை போட்டு வார்டைத் தெரிந்து வைத்திருக்கும் அக்கா வேட்பாளருக்குப் பின்னால் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு போவார்.

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 2023 சட்டத் திருத்தம், தொகுதி மறுவரையறையோடு முடிச்சுப் போடப்பட்டது. அதில் பட்டியல் சாதி இடங்களுக்குள் பெண்களுக்கு ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனியாக இல்லை.

திருநங்கைகளுக்கு?

பெயருக்குச் சில தொடக்கங்கள். பிரகாஷ் அம்பேத்கரின் வஞ்சித் பகுஜன் ஆகாடி 2019இல் திஷா பிங்கி ஷேக்கைக் கட்சிப் பேச்சாளராக நியமித்தது. பெரிய கட்சிகளில் இன்னும் தனிப் பிரிவு அமைத்துப் படம் எடுப்பதோடு சரி.

பணம் இல்லாதவர் நிற்க முடியுமா?

சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. பட்டியல் சாதி வேட்பாளருக்கு வைப்புத்தொகை பாதி, 5,000 ரூபாய். பாதியாகக் குறைத்திருப்பது வாசலில் உள்ள மிகச் சிறிய செலவை மட்டும். ஆகவே தேர்வுக் குழு "எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேட்கும்போது, கேள்வி சாதியைப் பற்றியது இல்லை என்று தோன்றும், யார் வெளியே போகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

தாராவி மறுசீரமைப்பால் இதெல்லாம் மாறுமா?

மாறும், எந்தப் பக்கம் என்பதுதான் கவலை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மற்றவர்களுக்கு மும்பையின் வேறு பகுதிகளில், பணம் கட்டும் ஏற்பாட்டில். பின்னால் வந்தவர், மாடியில் இருப்பவர், வாடகைக்காரர் யார் என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் போனால் அவர்களுடைய ஓட்டும் போகும், நீங்கள் கட்டிய பூத்தும் கலையும். ஆகவே இடம் மாறுகிறவர்கள் புது முகவரியில் உடனே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும்.

திமுக, விசிக போன்ற தமிழ்நாட்டுக் கட்சிகளின் மும்பைக் கிளையில் இருப்பது பயன்படுமா?

பேசப் பழக, கூட்டம் நடத்தப் பழக, நம் சாதிக் கேள்வியை நம் மொழியில் கேட்கப் பயன்படும். விசிக கிளைகளில் சேர்ந்த பையன்கள் அம்பேத்கரைத் தமிழில் படித்துவிட்டு மராத்தித் தோழர்களோடு வாதம் செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். டிக்கெட் விஷயத்தில் பெரிய உதவி இராது. அந்தப் பேச்சுவார்த்தை இங்குள்ள கட்சிகளோடுதான்.

சரி, இன்றே செய்யக்கூடியது என்ன?

தாள் தேடுங்கள். 1950க்கு முன் தாத்தா மும்பையில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் காட்டும் பள்ளிச் சான்று, மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவு, மில் அல்லது ரயில்வே வேலைப் பதிவு, வாடகை ரசீது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா படித்த மாநகராட்சிப் பள்ளியின் பழைய பதிவேட்டில் சாதியும் எழுதியிருக்கும் வாய்ப்பு உண்டு. அந்தச் சாதிப் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் உள்ள பெயர் இன்னொன்றில் இல்லாமல் போவது சகஜம், அப்படியானால் மற்ற அலைச்சல் வீண். பெயர் இருந்தால் மும்பை நகர மாவட்டத்தில் சான்றுக்கும், அப்புறம் சரிபார்ப்புக்கும் விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு போனால் அங்கே நிற்க இடம் இருக்காது.